பல்லில் கை வைக்காத பல் டாக்டர்

"ஒண்ணுமே செய்யலைக்கா. வாயைத் திறக்கச் சொன்னாங்க, ஸ்கேல் வச்சு அளந்தாங்க, கன்னத்தை அமுக்கி அமுக்கிப் பார்த்தாங்க, அப்புறம் பேசிட்டே இருந்தாங்க. முந்நூறு ரூபாய் வாங்கிட்டு அனுப்பிட்டாங்க." எங்கள் பள்ளியில் கணக்கு எடுக்கும் இளைய ஆசிரியை மதிய இடைவேளையில் இப்படிச் சொன்னார். தாடை வலிக்கிறது என்று என்னிடம் வந்தவரை, கோத்தகிரி கடைவீதியில் இருக்கும் ஒரு பல் டாக்டரிடம் அனுப்பி வைத்ததே நான்தான். ஆகவே அந்த முந்நூறு ரூபாயில் எனக்கும் பங்கு உண்டு என்பது போல அறையில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் அந்த 'ஒண்ணுமே செய்யலை' மட்டும் போகவில்லை. அவர் அடுக்கிய பட்டியலில் இருந்த ஒவ்வொன்றும் செய்ததுதானே? அளந்தது ஒரு வேலை. அமுக்கிப் பார்த்தது ஒரு வேலை. பேசியது எல்லாவற்றிலும் பெரிய வேலை. அந்த டாக்டர் செய்யாமல் விட்டது ஒன்றுதான், பல்லைத் தொடவில்லை. பல் டாக்டர் பல்லைத் தொடாவிட்டால் நம் காசு வீண் என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. எனக்குப் பல்லைத் தொட்ட டாக்டர்களும் கிடைத்திருக்கிறார்கள் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

காதா, பல்லா, மலையா?

எனக்கு வலி தொடங்கியது காதில். அப்படித்தான் நினைத்தேன். இடது காது அடைத்த மாதிரி இருக்கும், உள்ளே ஒரு மந்தமான வலி. மலையில் இருப்பவர்கள் காது அடைப்பைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மேட்டுப்பாளையம் போய்த் திரும்பினால் குஞ்சப்பனை தாண்டும்போது காது அடைக்கும், எச்சில் விழுங்கினால் விடும், அவ்வளவுதான். எனக்கு விடவில்லை. காது மூக்கு தொண்டை டாக்டர் பார்த்துவிட்டு, "காது சுத்தமா இருக்கும்மா, எதுக்கும் ஒரு பல் டாக்டரைப் பாருங்க" என்றார். அதற்குள் காலையில் எழுந்தால் வாய் முழுதாகத் திறக்காத நிலை வந்திருந்தது. டீயோடு வர்க்கியைக் கடித்தால் காதுக்கு முன்னால் சுரீரென்று ஏறும். கொட்டாவி விட்டால் 'டக்' என்று ஒரு சத்தம், பக்கத்தில் இருப்பவருக்கே கேட்கும் அளவுக்கு.

லீவு போட்டுவிட்டுக் கீழே இறங்கினேன். சமவெளியில் ஒரு பெரிய பல் மருத்துவமனை, பெயர் வேண்டாம். முகம் முழுவதையும் சுற்றி எடுக்கும் ஓபிஜி எக்ஸ்ரே எடுத்தார்கள். திரையில் படத்தைக் காட்டி, பல்லில் பழைய அடைப்பு ஒன்று உயரமாக இருக்கிறது, அதனால் கடி, அதாவது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரும் விதம், சரியாக உட்காரவில்லை, அதனால்தான் தாடை மூட்டு தேய்கிறது என்றார்கள். கேட்பதற்கு அவ்வளவு நியாயமாக இருந்தது. நீலக் காகிதத்தைக் கடிக்கச் சொல்லி, கறை பட்ட இடத்தையெல்லாம் மெஷினால் உரசினார்கள். முதலில் அந்த அடைப்பை, அடுத்த தடவை அதன் எதிர்ப்பல்லை, அதற்கப்புறம் மறுபக்கத்துப் பற்களையும். ஒவ்வொரு தடவையும் சில நாள் தேவலாம் போல இருக்கும், பிறகு பழைய குருடி கதவைத் திறடி. உரசிய பற்களில் கூச்சம் வந்ததுதான் மிச்சம். எனாமல் ஒருமுறை போனால் உடம்பு அதைத் திரும்ப வளர்த்துத் தராது.

வேறொரு இடத்தில், இரவில் பல்லின் மேல் மாட்டிக்கொள்ளும் மெத்தென்ற நைட் கார்ட் ஒன்றைச் செய்து கொடுத்தார்கள். அளவு எடுத்தவர் ஒருவர், மாட்டிவிட்டவர் இன்னொருவர், மறுபடி எப்போது வரவேண்டும் என்று சொன்னவர் யாரும் இல்லை. அதை இராத்திரியெல்லாம் மென்றுகொண்டே தூங்கினேன் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். கடைசியாக ஒருவர், கடைவாய்ப் பற்கள் எல்லாவற்றுக்கும் கேப் போட்டு கடியை உயர்த்திவிட்டால் நிரந்தரமாகச் சரியாகிவிடும் என்று ஒரு தொகையைச் சொன்னார். அந்தத் தொகை எனக்கு நல்லது செய்தது. பயந்துபோய் மலையேறிவிட்டேன்.

இவர்கள் யாரையும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவரவில்லை. வலியோடு ஒருவர் லீவு போட்டு, பஸ் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தியை அடக்கிக்கொண்டு வந்து நாற்காலியில் சாய்கிறார். அவரை ஒன்றும் செய்யாமல் திருப்பி அனுப்ப யாருக்கு மனம் வரும்? வந்தவரும் எதையாவது செய்தால்தான் எழுந்திருப்பார். கையில் இருக்கும் மெஷின் பல்லுக்கானது. படித்த ஐந்து வருடமும் பெரும்பகுதி பல்லைப் பற்றியது.

சும்மாடு நழுவினால்

தாடை மூட்டு எப்படி வேலை செய்கிறது என்று எனக்குப் புரிந்த அளவுக்குச் சொல்லிவிடுகிறேன், இது தெரியாமல் மேலே பேச முடியாது. காதுத் துளைக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால் ஏதோ உருள்வது தெரியும். கீழ்த்தாடை எலும்பின் மேல்நுனி அது. முழங்கை மாதிரி ஒரே இடத்தில் மடங்கும் மூட்டு இல்லை இது. வாய் திறக்கத் தொடங்கும்போது சுழலும், இன்னும் திறந்தால் முன்பக்கமாக வழுக்கிப் போகும். இடதும் வலதும் ஒரே எலும்பின் இரண்டு முனைகள் என்பதால் ஒன்று அசையாமல் மற்றது அசையாது. மண்டை ஓட்டுக்கும் அந்த நுனிக்கும் நடுவே ஒரு சிறிய தட்டு இருக்கிறது, சுமை தூக்குபவர் தலைக்கும் மூட்டைக்கும் நடுவே வைக்கும் சும்மாடு போல. அது கொஞ்சம் முன்னால் நழுவி, வாய் திறக்கும்போது மறுபடி இடத்துக்கு வந்து உட்கார்ந்தால் 'டக்'. நழுவியது திரும்ப வராமல் வழியில் நின்றுகொண்டால் சத்தம் நின்றுவிடும், வாயும் பாதியில் நின்றுவிடும். வலியில்லாத வெறும் சத்தத்தோடு ஏராளமானவர்கள் வாழ்நாள் முழுக்கச் சௌக்கியமாக இருக்கிறார்கள். அதற்கு வைத்தியம் தேவையில்லை. அந்தத் தட்டு ஓபிஜி எக்ஸ்ரேயில் தெரியவும் தெரியாது, எம்ஆர்ஐ எடுத்தால்தான் தெரியும். என் 'தேய்ந்த மூட்டை' அந்தத் திரையில் எதைப் பார்த்துச் சொன்னார்கள் என்பது எனக்கு இன்றுவரை புதிர்.

இந்த விவகாரம் பல் டாக்டரின் வாசலுக்கு வந்து சேர்ந்த கதை வேடிக்கையானது. 1934இல் ஜேம்ஸ் காஸ்டன் என்ற அமெரிக்கர், செயின்ட் லூயிஸ் நகரத்துக்காரர், ஒரு கட்டுரை எழுதினார். காது வலி, காது அடைப்பு, தலைசுற்றல், சைனஸ் தொந்தரவு இவற்றுக்கெல்லாம் காரணம் கடைவாய்ப் பற்கள் விழுந்து கடி தாழ்ந்து போவதும், அதனால் தாடை நுனி பின்னால் அழுத்துவதும்தான் என்றார். அவர் பல் டாக்டர்கூட இல்லை, காது மூக்கு தொண்டை டாக்டர். அவர் அடிப்படையாக வைத்தது 11 நோயாளிகளை. அவர் சொன்ன உடற்கூறு விளக்கம் நிற்காது என்று பிற்பாடு வந்தவர்கள் காட்டிவிட்டார்கள். ஆனாலும் 'கடியைச் சரிசெய்தால் மூட்டு சரியாகும்' என்ற எண்ணம் மட்டும் பல் மருத்துவத்தில் தங்கிவிட்டது. நீலக் காகிதத்தைக் கடித்துக்கொண்டு நான் படுத்திருந்தது அந்த 11 பேருக்குப் பின்னால்தான் என்று பிறகு படித்தபோது சிரிப்புதான் வந்தது.

"இது உங்களுக்குத் தெரிஞ்ச வலியா?"

கோத்தகிரி டாக்டரிடம் நான் போனது கூசிய பல்லுக்கு ஏதாவது பூசிவிடச் சொல்லத்தான். மருந்துக் கடைக்கு மேல்மாடி, ஒரே ஒரு நாற்காலி, உதவிக்கு ஒரு பெண். டாக்டருக்கு முப்பது வயது தாண்டியிருக்குமா தெரியாது. எம்.டி.எஸ். மேற்படிப்பெல்லாம் இல்லை, வெறும் பி.டி.எஸ். "ஏன் இவ்ளோ பல்லை கிரைண்ட் பண்ணியிருக்காங்க?" என்று கேட்டார். கதையைச் சொன்னேன். விளக்கை அணைத்துவிட்டு, நாற்காலியை நிமிர்த்தி என்னை நேராக உட்காரவைத்தார். பல் டாக்டரிடம் நிமிர்ந்து உட்கார்ந்து பேசியது எனக்கு அதுவே முதல் தடவை.

முதலில் கேட்ட கேள்விகள் எதுவும் பல்லைப் பற்றியவை அல்ல. "டீச்சர், மேடு ஏறும்போது தாடை வலிக்குதா? நின்னா விட்டுடுதா?" கோத்தகிரியில் மேடு ஏறாமல் பால் பாக்கெட் வாங்கக்கூட முடியாது. மேடு ஏறினால் வலிப்பதில்லை, மென்றால்தான் வலிக்கிறது என்றேன். "அப்ப சரி. ஏறும்போது வந்து நின்னா போகிற தாடை வலின்னா உங்களை என் நாற்காலியில உட்கார வைக்க மாட்டேன், ஈசிஜி எடுக்க அனுப்பிடுவேன்." இதய வலி சிலருக்குத் தாடையில் தெரியும் என்று எங்கேயோ படித்திருக்கிறேன், ஆனால் ஒரு பல் டாக்டர் அதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. காய்ச்சல் உண்டா, முகத்தில் வீக்கம் உண்டா, எடை குறைந்ததா, நெற்றிப்பொட்டில் வலியோடு பார்வை மங்கியதா, கை கால் மூட்டுகளில் காலையில் இறுக்கம் உண்டா என்று வரிசையாகக் கேட்டார். தூக்கம் எப்படி என்று கேட்டார். அந்த வருடம் மாமியார் படுக்கையில் இருந்தார், தூக்கம் என்ற ஒன்றே இல்லை. அதைச் சொல்லத் தொடங்கி வேறு எதையெல்லாமோ சொல்லிவிட்டேன்.

அப்புறம்தான் கை வைத்தார். சிறிய ஸ்கேலால் வாய் திறப்பை அளந்தார். வலி இல்லாமல் எவ்வளவு, வலித்தாலும் பரவாயில்லை என்று திறந்தால் எவ்வளவு என்று இரண்டு அளவு. முழுதாகத் திறந்தும் எனக்கு 34 மில்லிமீட்டர்தான் வந்தது. பெரியவர்களுக்குச் சாதாரணமாக 40க்கு மேல் வரவேண்டும், ஒருவரின் மூன்று விரல்கள் அடுக்கி நுழையும் அளவு. பிறகு நெற்றிப்பொட்டிலும் கன்னத்திலும் விரல் நுனியால் ஒவ்வோர் இடமாக அழுத்திக்கொண்டே வந்தார். மேஜையில் சமையலறைத் தராசு ஒன்று இருந்தது, அதைப் பற்றிக் கேட்டேன். மசிலில் அழுத்துவது ஒரு கிலோ அளவுக்கு இருக்க வேண்டுமாம். மூட்டின் மேல் அழுத்துவது அதில் பாதி. கை அளவு தவறிவிடாமலிருக்க, இப்படி ஒரு நோயாளி வரும் நாளில் விரலால் அந்தத் தராசை அழுத்திப் பழகிக்கொள்வாராம். பச்சைத் தேயிலையை நிறுப்பதில் நூறு சண்டை பார்த்த ஊரில், விரலை நிறுத்துப் பார்க்கும் ஆளை அப்போதுதான் பார்த்தேன்.

இடது கன்னத்தில், கடைவாய்ப் பல்லுக்கு நேர் வெளியே, ஓரிடத்தில் அழுத்தியபோது உயிர் போனது. நான் கத்துவதற்குள் அவர் கேட்டது இது: "வலிக்குதா இல்லையான்னு கேட்கலை டீச்சர். இது உங்களுக்குத் தெரிஞ்ச வலியா? தினமும் வர்ற அதே வலிதானா?" அதே வலிதான். அதே மந்தம், அதே காதுக்குள் போகும் பாதை. காது அடைத்த மாதிரி உணர்வுகூட வந்தது. அவர் விரல் இருந்தது காதில் இல்லை, பல்லில் இல்லை, மூட்டிலும் இல்லை. மெல்லும் தசையில். எத்தனையோ எக்ஸ்ரேயும் நீலக் காகிதமும் காட்டாத ஒன்றை ஒரு விரல் நுனி காட்டிவிட்டது. அந்த நிமிடத்திலேயே எனக்குப் பாதி வலி போய்விட்டது என்று சொன்னால் மிகை. ஆனால் பயம் போய்விட்டது. மூட்டு தேய்ந்துகொண்டிருக்கிறது, ஒருநாள் வாயே திறக்காது என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். இந்தக் கேள்வி அவர் கண்டுபிடித்தது இல்லை. தாடை மூட்டுக் கோளாறுகளைக் கண்டறிய 2014இல் உலக அளவில் வகுத்து வெளியிட்ட பரிசோதனை முறையின் அச்சாணியே 'பழகிய வலியா' என்ற இந்தக் கேள்விதான். செலவு ஒரு ஸ்கேலும் விரலும்.

அவர் கொடுத்த வைத்தியத்தைக் கேட்டால் எங்கள் கணக்கு டீச்சர் மறுபடி 'ஒண்ணுமே செய்யலை' என்பார். உதடு மூடியிருக்கட்டும், பல்லோடு பல் ஒட்டக் கூடாது. மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரவே தேவையில்லை என்பது எனக்கு அதுவரை தெரியாது. கரும்பலகையில் எழுதும்போது, பேப்பர் திருத்தும்போது, பனிக்காலத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் நான் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். வருகைப் பதிவேட்டிலும் போனிலும் கண்ணாடி ஓரத்திலும் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டச் சொன்னார். பொட்டைப் பார்க்கும்போதெல்லாம் தாடையைத் தளர்த்த வேண்டும். காலையும் இரவும் சுடுதுணி ஒத்தடம். நாக்கு நுனியை மேலண்ணத்தில் முன்பல்லுக்குப் பின்னால் வைத்தபடி மெதுவாகத் திறந்து மூடும் பயிற்சி. கன்னத்தைத் தானே பிசைந்துவிடுவது. கொட்டாவி வந்தால் முகவாய்க்குக் கீழே கையைக் கொடுப்பது. போனைத் தோளில் இடுக்கிப் பேசக் கூடாது. வர்க்கியை நனைத்துச் சாப்பிடலாம், சூயிங் கம் கூடவே கூடாது. சில நாட்களுக்கு மட்டும் வலி மாத்திரை. மறுபடி வரச் சொல்லி, மறுபடி அளந்தார். பல்லை மட்டும் தொடவே இல்லை. கூச்சத்துக்குப் பேஸ்ட் எழுதிக் கொடுத்தார்.

வலி முழுசாகப் போய்விட்டதா? இல்லை. தேர்வு மாதங்களில் எட்டிப் பார்க்கும். 'டக்' சத்தம் அப்படியே இருக்கிறது. ஆனால் இப்போது அது வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

திரும்பப் பெற முடியாதது

அந்த டாக்டர் தன் சொந்தச் சாமர்த்தியத்தால் மட்டும் இப்படிச் செய்யவில்லை என்பது பிறகு படித்தபோது புரிந்தது. 1996இலேயே அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய மாநாடு ஒன்று, பெரும்பாலான நோயாளிகளுக்குத் திரும்பப் பெறக்கூடிய எளிய வைத்தியத்தில்தான் தொடங்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. பல்லை உரசிக் கடியைத் திருத்துவது தாடை வலியைத் தீர்க்கும் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் மதிப்பாய்வு 2003இல் சொன்னது. தாடை வலி இல்லாத ஆயிரக்கணக்கான அமெரிக்கர்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து, யாருக்குப் புதிதாக வலி வருகிறது என்று ஓர் ஆய்வு பார்த்தது. 2013இல் வெளியான அதன் முடிவுகளில் முன்னால் நின்றவை கெட்ட தூக்கம், உடம்பில் வேறு இடங்களில் இருக்கும் வலிகள், மன அழுத்தம் ஆகியவை. என் மாமியார் படுக்கையில் கிடந்த வருடம் என் நினைவுக்கு வந்தது. 2023 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாட்பட்ட தாடை வலிக்கு அழுத்தமாகப் பரிந்துரைப்பவை எவை தெரியுமா? நடத்தை சார்ந்த மனச்சிகிச்சை, தாடைப் பயிற்சிகள், தசையைக் கையால் தளர்த்துவது, நோயாளிக்கு விளக்கிச் சொல்லித் தைரியம் கொடுப்பது. பேச்சும் பிசைவதும் பயிற்சியும்தான், வேறென்ன.

அதே வழிகாட்டுதல், கழற்றி மாட்டும் நைட் கார்டைக்கூட நாட்பட்ட வலிக்குப் பொதுவாக வேண்டாம் என்ற பக்கமே சாய்கிறது, நிபந்தனையோடு. இதில் பல் டாக்டர்களுக்குள்ளேயே சச்சரவு உண்டு. பல்லைக் கடித்துத் தேய்த்துவிடுபவருக்குப் பல்லைக் காப்பாற்றவாவது அது உதவும், கழற்றி வைத்துவிடலாம் என்பதால் பெரிய ஆபத்து இல்லை. எனக்கு அதன் மேல் கோபம் கிடையாது. செய்து கொடுத்துவிட்டு, மறுபடி கூப்பிட்டுப் பார்க்காமல் விடுவதன் மேல்தான் கோபம். பற்களை உரசுவதும், வரிசையாகக் கேப் போடுவதும், அறுவை செய்து மூட்டைத் திறப்பதும் வேறு ஜாதி. செய்தபின் பிடிக்கவில்லை என்று திரும்பிப் போக வழியில்லை. அமெரிக்காவில் 1980களில் நழுவிய தட்டுக்குப் பதிலாக டெஃப்லான் கலந்த செயற்கைத் தட்டை வைத்தார்கள். கடிக்கும் அழுத்தத்தில் அது துகள் துகளாக உதிர்ந்து, சுற்றியிருந்த எலும்பையே அரித்தது. 1990 வாக்கில் அரசு தலையிட்டு அவற்றைத் திரும்பப் பெறச் சொன்னது. முகத்துக்குள் வைத்ததை எப்படித் திரும்பப் பெறுவது? எத்தனையோ பேர், அதிலும் பெண்கள், அறுவை சிகிச்சை மேல் அறுவை சிகிச்சையாக அலைந்தார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, தாடை வலிக்கு ஒன்றுமே செய்யாமல் இருப்பதுதான் நல்லது என்று யாராவது முடிவு கட்டினால் அதுவும் ஆபத்து. எங்கள் டாக்டர் பேச்சுவாக்கில் சொன்ன ஒரு விஷயம் என் மனதில் இருக்கிறது. எஸ்டேட்டுகளில் வேலை செய்பவர்கள் குளிருக்கும் பசிக்கும் பாக்கு மெல்லுவது வழக்கம். கொஞ்சம் கொஞ்சமாக வாய் திறப்பது குறைந்து, தாடை இறுகிவிட்டது என்று வருவார்கள். மூட்டுப் பிரச்சினை என்று வலி மாத்திரை எழுதி அனுப்பிவிட்டால் போச்சு. கன்னத்தின் உட்புறத்தில் விரலை விட்டுத் தடவினால் கயிறு கயிறாக நார் தட்டுப்படும், தோல் வெளுத்திருக்கும், காரம் பட்டால் எரியும். பாக்கினால் வரும் அந்த நார்த்தன்மை பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடியது. அவரை ஒத்தடம் கொடுக்கச் சொல்லி மாதக்கணக்கில் வைத்திருக்கக் கூடாது. பாக்கை நிறுத்தச் சொல்லி உடனே கோவைக்கு அனுப்ப வேண்டும். "குட்காவைத் தடை பண்ணி எத்தனையோ வருஷம் ஆச்சு. பாக்கு எல்லாப் பெட்டிக்கடையிலயும் இருக்கே டீச்சர்" என்றார். கொட்டாவி விட்டு வாய் மூடாமலே நின்றுபோனவரை, கீழ்க்கடைவாய்ப் பற்களின் மேல் கட்டைவிரலை வைத்து, கீழே அழுத்திப் பின்னால் தள்ளி அங்கேயே சரிசெய்திருக்கிறார். திடீரென்று வாய் பாதியில் நின்றுபோய்ச் சத்தமும் நின்றுவிட்டால் நாளைக் கடத்தாமல் எம்ஆர்ஐக்கு அனுப்புவார். ஆக, எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது, எதைத் தன் நாற்காலியில் வைத்துக்கொள்ளவே கூடாது என்று பிரிப்பதுதான் ஒரு நோயாளியோடு செலவிடும் முக்கால் மணி நேரத்தில் அவர் செய்யும் வேலை.

பேச்சுக்கு என்ன ரேட்?

பெரிய ஊர்க்காரர்கள் உடனே 'ஸ்பெஷலிஸ்ட்டிடம் போக வேண்டியதுதானே' என்பார்கள். எந்த ஸ்பெஷலிஸ்ட்? அமெரிக்காவில் முகவலி மருத்துவத்தைப் பல் மருத்துவத்தின் தனிச் சிறப்புத் துறையாக ஏற்றுக்கொண்டதே 2020இல்தான். நம் ஊர் எம்.டி.எஸ். படிப்பில் ஒன்பது பிரிவுகள் இருக்கின்றன, இதற்கென்று தனியாக ஒன்று இல்லை. வாய் மருத்துவத்தில் கொஞ்சம், அறுவை சிகிச்சையில் கொஞ்சம், செயற்கைப் பல் துறையில் கொஞ்சம் என்று தாடை மூட்டு சிதறிக் கிடக்கிறது. நோயாளி எந்தக் கதவைத் தட்டுகிறாரோ அந்தத் துறையின் வைத்தியம் அவருக்குக் கிடைக்கும். மலையில் அந்தத் தேர்வும் இல்லை. கோத்தகிரியிலும் குன்னூரிலும் கூடலூரிலும் தாடை வலிக்கு முதல் டாக்டரும் பெரும்பாலும் கடைசி டாக்டரும் கடைவீதியில் இருக்கும் சாதாரணப் பல் டாக்டர்தான். அதில் எனக்கு வருத்தம் இல்லை. பெரும்பாலான தாடை வலிகளுக்கு அவரே போதும், ஒரு விரல் தசையைத் தொடவும் ஒரு காது கேட்கவும் தயாராக இருந்தால்.

தயாராக இருந்தால் அவருக்கு என்ன கிடைக்கும் என்பதில்தான் எல்லாம் தடுக்கிறது. பல்லை உரசினால் ஒரு தொகை, நைட் கார்டுக்கு ஒரு தொகை, கேப்புக்குப் பல் ஒன்றுக்கு இவ்வளவு. கேட்பதற்கும் அமுக்கிப் பார்ப்பதற்கும் ரேட் கார்டில் வரியே இல்லை. அதே நேரத்தில் ஒரு ரூட் கேனால் முடித்திருக்கலாம். சரியான வைத்தியம் செய்பவருக்கு நஷ்டமும் தேவையில்லாததைச் செய்பவருக்கு லாபமும் வரும்படி நாம் ஓர் ஏற்பாட்டை வைத்துக்கொண்டு, டாக்டர்கள் நல்லவர்களாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். முந்நூறை ஐந்நூறாக்குங்கள் என்று அவரிடமே ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

"எஸ்டேட்லருந்து வர்றவங்க அன்னிக்குக் கூலியை விட்டுட்டு வர்றாங்க டீச்சர். மாத்திரைகூட எழுதாம ஐந்நூறு வாங்கினா அடுத்த தடவை வரமாட்டாங்க, கீழே போய்ப் பல்லைப் பிடுங்கிக்குவாங்க. அடைப்புலயும் ரூட் கேனால்லயும் வர்றதுலதான் இது ஓடுது. ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்றார்.

அப்படியானால் ரசீதிலாவது செய்ததை எழுதிக் கொடுங்கள் என்றேன். வாய் திறப்பு அளவு இவ்வளவு, தசைப் பரிசோதனையில் இன்ன இடத்தில் வலி, இன்ன பயிற்சி கற்றுக்கொடுத்தது, போன தடவைக்கு இந்தத் தடவை இத்தனை மில்லிமீட்டர் கூடியிருக்கிறது என்று. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இரண்டு பக்கத்துக்கு எண்களை அச்சடித்துக் கொடுத்தால் யாரும் காசை முனகுவதில்லையே. அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். நல்ல யோசனைதான் என்றார். வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்களை எட்டிப் பார்த்துவிட்டு, "எழுதலாம் டீச்சர். ஆனா அதையும் நான்தானே உட்கார்ந்து எழுதணும்?" என்றபடி அடுத்தவரைக் கூப்பிட்டார்.